எடை போட்டுப் பிரித்த டெலிபோன்

பாகம் பிரித்த அன்று எங்கள் வீட்டு டெலிபோனைத் தராசில் வைத்தார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பித்தளைச் சாமான்களை எடை போட்டுப் பங்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்டா, தவலை, குத்துவிளக்கு, செம்பு எல்லாவற்றையும் வாசலில் குவித்து, ஒரு தட்டு என் கணவருக்கு, இன்னொரு தட்டு அவருடைய அண்ணனுக்கு என்று நிறுத்தார்கள். அண்ணன் பக்கம் கொஞ்சம் எடை குறைந்தது. ஒரு செம்பை மாற்றி வைத்தால் எங்கள் பக்கம் குறைந்தது. பஞ்சாயத்துக்கு வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு நியாயம் இம்மி பிசகக் கூடாது. அவர்களில் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த மரப்பெட்டி டெலிபோன் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதில் இரண்டு மணிகள், பேசுகிற குழாய், காதில் வைக்கிற குழல், பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி, எல்லாமே பித்தளை. கழற்றி அண்ணன் தட்டில் போட்டதும் முள் நேராக நின்றது. கழற்றிய ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது.

பெட்டி மட்டும் எங்களுக்கு வந்தது. அது மாட்டியிருந்த சுவர் எங்கள் பங்கில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். என் மாமனார் எங்கோ மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் இந்த டெலிபோன்களை ஜோடியாக வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை மாந்தோப்பு மோட்டார் ரூமிலும் மாட்டி, நடுவில் கம்பி இழுத்திருந்தார். எக்ஸ்சேஞ்ச் எதுவும் கிடையாது. இங்கே கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். தோப்பு அண்ணன் பங்குக்குப் போனதால் தோப்பு டெலிபோனும் அப்படியே அவரிடம் போனது. அதிலும் பித்தளை இருப்பது அன்று யாருக்கும் நினைவு வரவில்லை. ஆகமொத்தம் ஒரு முழு டெலிபோனும் இன்னொன்றின் பாதியும் அவரிடம். பல் போன வாய் மாதிரி ஒரு பெட்டி எங்களிடம். எடை மட்டும் சரி.

பாகப்பிரிவினையில் சண்டை வரவில்லை. கிணற்றில்தான் வந்தது. இரண்டு பங்குக்கும் நடுவில் இருந்த பொதுக் கிணற்றில் முறை வைத்து மோட்டார் ஓட்ட வேண்டும். ஒரு கோடையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. யார் முறை எங்கே முடிந்தது என்று வாய்ப்பேச்சில் ஆரம்பித்துக் குலதெய்வக் கோயிலில் போய் நின்றார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிப்பதில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள். சத்தியத்தை எடுக்கவும் வழி உண்டு. இருவரும் சேர்ந்து அதே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும். மூஞ்சியில் முழிக்காமல் சேர்ந்து போவது எப்படி என்று பூசாரி சொல்லவில்லை. அந்தக் கிணறு வற்றிப்போய் நாளாயிற்று. ஆளுக்கொரு போர்வெல் போட்டுக்கொண்டோம். சத்தியம் மட்டும் வற்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கல்யாண வீட்டில் அண்ணன் முதல் பந்தி என்றால் தம்பி கடைசிப் பந்தி. காரிமங்கலம் பஸ்ஸில் ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கிவிடுவார். எங்கள் ஊரில் போலீஸுக்குப் பயந்து யாரும் ஹெல்மெட் வாங்குவதற்கு முன்பே வாங்கியவர் என் கணவர். தோப்பு வழியாக வண்டியில் போகும்போது அதன் முன் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொள்வார். அண்ணன் என்ற சொல்லே வீட்டில் இல்லை. தோப்பு வூட்டுக்காரர் என்பார். அவர் இவரைப் பழைய வூட்டுக்காரன் என்பாராம்.

பெண்களுக்கு அந்தச் சத்தியம் இல்லை. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ரேஷன் கடையிலும் சந்தையிலும் நாங்கள் பேசாத நாள் கிடையாது. ஒரு வருஷம் ஆனி மாசத்தில், காரிமங்கலம் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அக்கா அதைச் சொன்னார். மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, தொண்டையில் கட்டி. பெங்களூரில் பார்த்தாயிற்று. உயிர் தங்க வேண்டுமானால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஆடி கழிந்ததும் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பேச்சு வராது. என்னென்னவோ மிஷின் இருக்கிறதாம், ஆனால் அது அவர் குரலாக இருக்காது. அக்கா அழவில்லை. தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பக் கூடையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. திரும்பி வந்து, "அவரு கூப்புட்டா நான் பேசமாட்டேன்னா சொல்றேன்?" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அக்காவிடம் சொல்லி மொபைலில் கூப்பிட வைத்தேன். திரையில் அக்கா பெயர் வந்தது. போனை இவர் கையில் கொடுத்தேன். பெயரைப் பார்த்தார், போனைக் கட்டிலில் வைத்தார், போர் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய்விட்டார். இன்னொரு நாள் இங்கிருந்து நான் கூப்பிட்டு மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். பழைய வூட்டுக்காரன் கூப்பிட்டானா, நீயாகக் கூப்பிட்டாயா என்று கேட்டாராம். பொய் சொல்ல அக்காவுக்கு வரவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் பேச ஆசை, அது எங்களுக்குத் தெரியும். யார் முதலில் கூப்பிட்டது என்பதில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மொபைலில் அது தப்பவே தப்பாது. பெயர் வரும், நேரம் வரும், மிஸ்டு கால் என்று சிவப்பில் காட்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு மொபைலைச் சுவரில் அடித்திருப்பேன். அப்போதுதான் சுவரில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அத்தனை வருஷமாக அதற்குள் ஃபியூஸ் கம்பியும் இன்சுலேஷன் டேப்பும் போட்டு வைத்திருந்தேன். அந்த மணி அடித்தால் அடித்ததுதான். யார் அடித்தார்கள் என்று எங்கேயும் பதியாது. ஆடி முடிவதற்குள் இதைப் பேச வைக்க வேண்டும், அண்ணன் குரல் போவதற்குள் இந்த மனிதர் காதில் அது விழ வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் காரிமங்கலத்தில் சின்னதாக ஒரு ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன போர் மோட்டார், ஃபேன், மிக்ஸி எல்லாம் வரும். இது தேறாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆகாது. அதனால் நான் பெட்டியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனபோது கணவர் அதிசயப்படவில்லை. எதற்கு என்று கேட்டார். கண்ணை உறுத்துகிறது என்றேன். அது பொய்யும் இல்லை.

திறந்து பார்த்தால் நிலைமை மோசம். அடிப்பலகையைக் கரையான் அரித்திருந்தது. உள்ளே லாட வடிவக் காந்தங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் சுழல வேண்டிய ஆர்மேச்சரில் கம்பி துருப்பிடித்த நூல் போல உதிர்ந்தது. மணியை அடிக்கிற இரண்டு காயில்களில் ஒன்று உயிரோடு இருந்தது. மற்றது மீட்டரில் அசையவில்லை. வெளியே எதுவுமே இல்லை, மணி இருந்த இடத்தில் ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. பித்தளையெல்லாம் தோப்பில்.

அக்காவைக் கேட்டேன். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எல்லாம் வேலையில் இருந்தன. ஒரு மணி கன்றுக்குட்டி கழுத்தில், உள்ளே ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொன்று உப்புச் சாடிக்கு மூடி. பேசுகிற குழாய் ஆயில் ஊற்றுகிற புனல். கைப்பிடி மாட்டுக் கொட்டகைக் கதவுக்குக் கொக்கி. காதுக் குழலை மட்டும் காணவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும் என்றார். எல்லாவற்றையும் நானே கழற்றித் தருகிறேன் என்றவர், கடைசியில் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

மாமா தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் விஷயத்தைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, சும்மா ரிப்பேர் செய்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். துண்டைச் சரி செய்துகொண்டார். பேசியபோது குரல் ஏற்கெனவே பாதி காற்றாக இருந்தது.

"பாகம் பிரிச்சது பிரிச்சதுதாம்மா. எடைக்கு எடை வெச்சுட்டு எடுத்துக்கிட்டுப் போ."

சிரித்துக்கொண்டு சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. உயிர் போகிற நேரத்தில் இந்த மனிதருக்குத் தராசு. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பரணில் இருந்த என் பித்தளைக் குடத்தை, என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்ததை, எடுத்துக் கொண்டு வந்து, மாங்காய் நிறுக்கிற தராசில் டங்கென்று வைத்தேன். குடம் கனம். மணியும் குழாயும் கைப்பிடியும் எதிரில் வைத்தும் அந்தத் தட்டு மேலேயே நின்றது. நான் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளே போய் ஒரு பித்தளைக் கரண்டியும் ஒரு டம்ளரும் கொண்டுவந்து சேர்த்து வைத்தார். முள் நின்றது. அதையெல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு மாமா கேட்டார், "மணி பழையபடி அடிக்குமா?" அந்தக் கேள்வியில்தான் என் கோபம் போனது.

குடம் போனது தெரிந்து என் கணவர் அன்று ஒரு ஆட்டம் ஆடினார். நம் வீட்டுப் பித்தளை எதற்கு அங்கே போக வேண்டும் என்றார். எடை சரியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் நிறுத்துக்கொள்ளுங்கள் என்று கரண்டியையும் டம்ளரையும் எதிரில் வைத்தேன். டம்ளரை எடுத்துக் கனம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

கடை வேலை குவிந்து கிடந்தது. ஆடிக்காற்றில் தண்ணீருக்கு அலைகிற விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தால், டெலிபோனுக்கு அப்புறம் என்று சொல்ல முடியுமா? மோட்டார்களை முடித்துவிட்டு, ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில்தான் பெட்டியைத் தொட்டேன். ஆர்மேச்சரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மிக்ஸிக்குப் போடுகிறதைவிட மெல்லிய எனாமல் கம்பியைத் தருமபுரியில் தேடி வாங்கி வந்து சுற்றினேன். தலைமுடிக் கனம்தான். கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். முதல் தடவை பாதியில் அறுந்தது. மறுபடி சுற்றினேன், மேல் அடுக்கில் எனாமல் உரிந்து ஷார்ட் ஆனது. மூன்றாவது தடவை, நானே கையால், அவசரமே இல்லாதவள் போலச் சுற்றினேன். அவசரம் இருந்தது. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

வார்னிஷ் காய்ந்ததும் கைப்பிடியைப் பொருத்தி, முனைகளை விரலால் பிடித்துக்கொண்டு சுற்றினேன். முழங்கை வரை ஷாக் அடித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. செத்துப்போனது என்று நினைத்த காந்தங்கள் நன்றாகவே இருந்தன. மணிக் காயிலையும் கட்டினேன். கன்றுக்குட்டி மணியும் உப்புச் சாடி மணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. உப்பு பட்ட மணி கொஞ்சம் மங்கிய சத்தம் கொடுத்தது. அதை மாற்ற நான் முயலவில்லை.

அடிப்பலகைக்கு எங்கள் பழைய தேக்குக் கட்டிலின் சட்டத்தை அறுத்தேன். பேசுகிற குழாய்க்குள் இருக்க வேண்டிய கரித்தூள் ஈரத்தில் கட்டியாகி இருந்தது. டார்ச் செல்லை உடைத்து நடுவில் இருக்கிற கரிக்குச்சியை எடுத்து, பொடித்து, சலித்து, அளவான குருணையை மட்டும் உள்ளே போட்டேன். காதுக் குழலுக்குத்தான் அலைந்தேன். தருமபுரியில் மர லேத் வைத்திருக்கிற ஒரு பாயிடம் அளவைக் காட்டி, ஒரு தேக்குக் கட்டையில் குழல் கடைந்து தரச் சொன்னேன். பழைய மேசை டெலிபோன் ஒன்றை உடைத்து அதன் காதுப்பகுதியை அதற்குள் வைத்தேன். பித்தளை போய் மரம் வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பேசினால் போதும்.

அடுத்தது கம்பி. மாமனார் இழுத்திருந்த கம்பி என்றோ துணி காயப்போடுகிற கொடியாகிவிட்டது. பழைய மோட்டார்களில் கழற்றிய ஒயர்களை முடிந்து முடிந்து ஜோடியாகச் சேர்த்தேன். வீட்டிலிருந்து வரப்பு வழியாக, வற்றிய கிணற்றைத் தாண்டி, தோப்பு மோட்டார் ரூம் வரைக்கும் இழுக்க வேண்டும். கம்பம் நடுகிற தெம்பு எனக்கு இல்லை. ஆள் தேடலாம் என்று ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், எங்கள் எல்லையில் கிணறு வரைக்கும் மூங்கில் கம்பங்கள் நின்றன. என் கணவர் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.  இரண்டு நாள் கழித்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கமும் கம்பம் நின்றது. மாமா கட்டிலைத் தூக்கி வரப்பில் போடச் சொல்லி, உட்கார்ந்தபடியே ஆளை வைத்துக் குழி எடுத்தாராம். இரண்டு வரிசையும் கிணற்று மேட்டில் வந்து முட்டின. கம்பியை நான்தான் சேர்த்தேன்.

தோப்பு டெலிபோனைத் துடைத்துப் புது செல் போட்டேன். அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வீட்டுப் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். எல்லாம் தயார். ஆனால் யார் முதலில் சுற்றுவது? இவர் டெலிபோனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். கை கைப்பிடி வரைக்கும் போய் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பும். அங்கேயும் அதே கதைதான் என்று அக்கா சொன்னார். ஆடி முடியச் சில நாள்தான் இருந்தது. அந்தக் கைப்பிடியைப் பிடுங்கி இரண்டு பேர் மண்டையிலும் ஒரு போடு போட்டால் என்ன என்று இருந்தது.

அந்த எரிச்சலில்தான் எனக்கு யோசனை வந்தது. சுற்றினால் மணிக்குக் கரண்ட் தருகிற காந்த மிஷினைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். கூடவே கைப்பிடியும் வந்துவிடும். கணவரிடம் கைப்பிடி லொடலொடவென்று ஆடுகிறது, கடைக்கு எடுத்துப் போய்ச் சரி செய்ய வேண்டும், அதுவரைக்கும் இதிலிருந்து கூப்பிட முடியாது, அங்கிருந்து வந்தால் பேசலாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அக்காவிடம் மாமாவைச் சாயங்காலம் மோட்டார் ரூமிலேயே உட்கார வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். லைன் டெஸ்ட் என்றேன்.

வெயில் இறங்கியதும் கணவருக்கு டீ போட்டுக் கூடத்தில் கொடுத்துவிட்டு, மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தேன். வற்றிய கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒயர் முடிச்சைப் பிரித்து மிஷினை நடுவில் மாட்டினேன். இங்கிருந்து சுற்றினால் இரண்டு பக்கமும் மணி அடிக்கும். இவருக்கு அவர் கூப்பிட்டது போல, அவருக்கு இவர் கூப்பிட்டது போல. வேலை செய்யுமா என்ற பயம் எனக்கு இல்லை. இரண்டு பேரும் எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்களோ என்றுதான் பயம். மூச்சை இழுத்துவிட்டு ஓங்கிச் சுற்றினேன்.

வீட்டுப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. உப்பு மணியின் அந்த மங்கல் சத்தம் கிணறு வரைக்கும் தெளிவாக வந்தது. தோப்புப் பக்கமும் கேட்டது. நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஒரு காதுக் குழல் கொண்டுவந்திருந்தால் ஒட்டுக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றுதான் கொண்டுவரவில்லை. மிஷினைக் கழற்றி, முடிச்சைப் போட்டு, டேப் சுற்றி, பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். இவர் சுவரோடு ஒட்டி நின்று, மரக்குழலைக் காதில் அழுத்தி வைத்திருந்தார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. டீ ஆறிப்போய் இருந்தது. தோப்புக்கு மருந்து அடித்தாயிற்றா என்று கேட்டார். ம் என்றார். போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டார். ம் என்றார்.  அங்கிருந்து அண்ணன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இவர் நெற்றியைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இன்னொருக்கா கூப்புடுண்ணா," என்றார். "சின்னவனேன்னு இன்னொருக்கா கூப்புடு."

நான் பின்கட்டுக்குப் போய் மாட்டோடு நின்று அழுதேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, அண்ணன்தான் முதலில் கூப்பிட்டார் என்று இவர் பெருமையாகச் சொன்னார். நம்மிடம் கைப்பிடியே இல்லையே என்று சாட்சியும் சொன்னார். மறுநாள் அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார், பழைய வூட்டுக்காரன் என்ன இருந்தாலும் தம்பிடா, அவனேதான் கூப்பிட்டான் என்று மாமா ஊரெல்லாம் சொல்கிறாராம். இரண்டு பேரும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். இதை எழுதும்வரை நானும் யாரிடமும் சொன்னதில்லை. கைப்பிடியை மட்டும் அடுத்த நாளே ஒழுங்காக மாட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்வரைக்கும் சாயங்காலம் தவறாமல் பேசினார்கள். மழை, மாங்காய், மாமனார் கட்டிய தொட்டி, யாரோ செத்துப்போனது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. இவர் குழலைக் காதில் அழுத்தி அழுத்திக் காது மடல் சிவந்துவிடும். ஆனால் மூஞ்சியில் முழிப்பது பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேருக்கும் அந்தக் கற்பூரம்தான் ஞாபகம். பெங்களூருக்குக் கார் கிளம்பிய அன்று, இவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றார். கார் போய் வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

மாமா திரும்பி வந்தபோது கழுத்தில் ஓட்டை, அதற்கு மேல் வெள்ளைத் துணி. குரல் இல்லை. அது எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும், அன்று சாயங்காலம் இவர் டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே பேச முடியாத ஆளை எதற்காகக் கூப்பிடுவது என்று இவர் கை வைக்கவில்லை. நான் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பெட்டி இனிமேல் ஃபியூஸ் கம்பி வைக்கத்தான் உதவும் என்று நினைத்தேன். அதை நினைத்து எரிச்சலும் வந்தது, என் மேலேயே.

மணி அடித்தது.

இவர் எடுத்தார். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணா, நீயா?" என்றார். மறுபடி மணி அடித்தது. குழலை எடுத்த பிறகும் மணி அடிக்கிற மாதிரிதான் இந்த டெலிபோனில் இணைப்பு. காதிலும் சேர்ந்து அடிக்கும். இவர் துள்ளிக் குழலைக் காதிலிருந்து எடுத்தார். அப்புறம் எனக்குக் கூடத் தோன்றாத ஒன்றைச் செய்தார். குழாயில் வாயை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"ஆமான்னா ஒரு சுத்து சுத்து. இல்லைன்னா ரெண்டு சுத்து. புரியுதாண்ணா?"

ஒரு மணி.

அன்றிலிருந்து இவர் கேட்பார், அங்கே மணி பதில் சொல்லும். சாப்பிட்டாயா, ஒரு மணி. வலி இருக்கிறதா, இரண்டு மணி. பொய் சொல்லாதே என்று இவர் திட்டுவார், கொஞ்சம் கழித்து ஒரு மணி அடிக்கும். கூடத்தில் நான் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். சத்தத்திலேயே கோபமா சிரிப்பா என்று எனக்கும் தெரிய ஆரம்பித்தது. கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் ஒரு மாதிரி, மெதுவாகச் சுற்றினால் வேறு மாதிரி.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். இவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். மா பூத்திருக்கிறதா என்று கேட்டார், ஒரு மணி. நன்றாகப் பூத்திருக்கிறதா, ஒரு மணி. அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நறுக்குவதை நிறுத்தினேன். குழாயை நோக்கிக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, நேர்ல வரட்டுமா?" என்றார்.

ஒரு மணி அடித்தது. உப்பு மணியின் சத்தம் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அடுத்த மணிக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். இவர் கை பெட்டியைப் பிடித்திருந்தது. வெளியே ஒரு டிராக்டர் போய் ஓய்ந்தது. இரண்டாவது மணி அடிக்கவில்லை.

இவர் குழலைக் கொக்கியில் மாட்டவும் மறந்து செருப்பைத் தேடினார். வரப்பு வழியாக நடந்தே போனார். ஹெல்மெட் ஆணியிலேயே தொங்கியது.